ஒரு பவுண்டுச் சீட்டு

ஹட்டர்ஸ்ஃபீல்டு மேயர் பெஞ்சமின் பிராட்பென்ட் 1904இல் கொடுத்த வாக்கைப் பற்றி எப்போதோ படித்தேன். இன்னும் அது என்னை விடமாட்டேன் என்கிறது. அந்த யார்க்‌ஷயர் கம்பளி நகரத்தில் லாங்வுட் என்று ஒரு பகுதி. தம் பதவிக்காலத்தில் அங்கே பிறக்கும் குழந்தை ஒரு வயதைத் தாண்டினால், பெற்றோருக்கு ஒரு பவுண்டு தருவதாகச் சொன்னார். பிள்ளை பிறந்த வீட்டுக்கு அதற்கான வாக்குறுதிச் சீட்டும் போய்ச் சேர்ந்தது.

நல்ல மனிதர்தான், சந்தேகமில்லை. என் மனசு அந்தச் சீட்டையே சுற்றுகிறது. பதினோராம் மாதத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் அதை என்ன செய்திருப்பாள்? கிழித்திருப்பாளா, பெட்டிக்குள் வைத்திருப்பாளா? தன் கவனக்குறைவுக்கு யாரோ எழுதிக் கொடுத்த சாட்சி என்று நினைத்திருப்பாளா?

அக்கால சுகாதார அதிகாரிகளின் ஆண்டறிக்கைகளில் சிசு மரணக் காரணங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே வரும்: வயிற்றுப்போக்கு, நிமோனியா, வலிப்பு, குறைமாதப் பிறப்பு, பிறவிப் பலவீனம். தாயின் அறியாமை என்ற பேச்சும் கூடவே வரும். குதிரைச் சாணத்தில் பெருகிய ஈக்கள் பாலில் மொய்த்தன. நீண்ட ரப்பர் குழாய் வைத்த பால்புட்டி கடையில் மலிவாகக் கிடைத்தது. என் தம்பியின் புட்டியை அம்மா கொதிநீரிலிருந்து இடுக்கியால் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். திட்டுத் தெரிந்தால் மறுபடி அடுப்புக்குப் போகும். அந்த ரப்பர் குழாய்க்குள் என் அம்மாவாலும் எதையும் பார்த்திருக்க முடியாது.

1911இன் கொடுங்கோடையில் இங்கிலாந்து, வேல்ஸில் பிறந்த ஆயிரத்துக்கு 130 சிசுக்கள் இறந்தன. மறு ஆண்டு கோடை குளிர்ந்து, மழை கொட்டியது, எண்ணிக்கை 95. ஓராண்டுக்குள் தாய்மார்கள் எல்லாரும் திருந்திவிட்டார்களா என்ன?

ஆனாலும் பிராட்பென்டை ஒதுக்கிவிட முடியவில்லை. பிறப்பைப் பதிய அன்று ஆறு வாரம் அவகாசம் இருந்தது. பல குழந்தைகள் பிறந்த செய்தி ஊருக்கு எட்டுமுன்பே போய்விட்டன. பிறந்ததை உடனே தெரிந்துகொண்டு பெண் பார்வையாளர்களை வீட்டுக்கு அனுப்பும் முறையை அவரது நகரம் முன்னின்று நடத்தியது. 36 மணி நேரத்துக்குள் பிறப்பைத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1907இல் வந்தது. விரும்பிய ஊர்கள் ஏற்றுக்கொண்டன. 1915இல் அது நாடு முழுவதற்கும் கட்டாயமானது.

உயிரோடிருப்பதற்குப் பரிசு வைத்தது சரியா என்று கேட்டால் இன்றும் என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. பிறந்த வாரமே ஒருத்தி வந்து கதவைத் தட்டியது சரி.