அளவுகோல் யாருக்காக?

தீபாவளி ஓப்பன் ஹவுஸுக்கு ஒரு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய், சாப்பாட்டுத் தட்டைக் கையில் எடுப்பதற்கு முன்பே சில கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "நடக்குதா? பல்லு வந்துருச்சா? என்னென்ன பேசுது?" கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால், பதிலைத் தொடர்ந்து பெரும்பாலும் இன்னொரு குழந்தையின் கதை வரும். "எங்க பேத்தி பத்தாவது மாசத்துலயே ஓடுனா." யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ரத்தானபோது, பிள்ளைகளின் 'ஏ'க்களை எண்ணும் பழக்கம் இனி குறையும் என்று பலர் நம்பினார்கள். அந்தப் பழக்கம் தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது.

இந்த ஒப்பீட்டைத் திட்டுவது சுலபம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி. குழந்தையின் வளர்ச்சியை அளப்பதே தவறா, அல்லது அளந்ததை வைத்துக்கொண்டு நாம் செய்வது தவறா?

உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் குழந்தை வளர்ச்சிக்கான அளவைகளை வெளியிட்டது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா என ஆறு நாடுகளில் ஏறக்குறைய 8,500 குழந்தைகளை ஆராய்ந்து உருவாக்கியவை அவை. குழந்தைகள் எப்போது உட்காருகிறார்கள், எப்போது நிற்கிறார்கள் என்பதையும் அந்த ஆய்வின் ஒரு பகுதியாகக் கவனித்தார்கள். துணையில்லாமல் நடப்பதற்குக் கிடைத்த கால எல்லை 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை. இரு முனைக்கும் இடையே ஒன்பது மாதத்துக்கு மேல்! நூற்றில் நான்கு குழந்தைகள் கையையும் முட்டியையும் ஊன்றித் தவழவே இல்லை. அவர்களும் ஆரோக்கியமான குழந்தைகள்தான்.

நான் பொறியாளன் என்பதால் இதைப் பார்த்ததும் 'டாலரன்ஸ்' ஞாபகம் வருகிறது. 10 மில்லிமீட்டர் தண்டு ஒன்று 0.05 மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம் என்று வரைபடம் சொன்னால், அந்த எல்லைக்குள் இருக்கும் எல்லாத் துண்டுகளும் பாஸ். 9.98 இருக்கும் துண்டைவிட 10.02 இருக்கும் துண்டு கெட்டிக்காரத் துண்டு என்று தொழிற்சாலையில் யாரும் பேசுவதில்லை. இரும்புக்குக் கொடுக்கும் இந்த மரியாதையைக்கூட நாம் குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை.

வளர்ச்சி வரைபடமும் இப்படித்தான் தவறாகப் படிக்கப்படுகிறது. எடையில் 'பதினைந்தாவது பெர்சண்டைல்' என்றால், அந்த வயதில் நூறு குழந்தைகளை நிறுத்தினால் ஏறக்குறைய பதினைந்து பேர் இக்குழந்தையைவிட எடை குறைந்தவர்கள் என்று அர்த்தம். அது நூற்றுக்குப் பதினைந்து மார்க் இல்லை. குழந்தை தன்னுடைய கோட்டை ஒட்டி வளர்கிறதா, திடீரென்று சரிகிறதா என்பதைத்தான் கிளினிக்கில் பார்க்கிறார்கள்.

ஆனால், தொழிற்சாலை உதாரணம் ஓர் இடத்தில் உடைந்துவிடுகிறது. எல்லைக்கு வெளியே போன துண்டை நாங்கள் ஒதுக்கிவிடுவோம். குழந்தை விஷயத்தில் அந்த எல்லைக்கோடு போடப்பட்டதே, வெளியே நிற்கும் குழந்தையை உள்ளே இருப்பவர்களைவிட அதிகமாகக் கவனிக்கத்தான்.

அதனால்தான் "ஒவ்வொரு புள்ளயும் அதது வேகத்துல வளரும்" என்ற ஆறுதலையும் முழுதாக ஏற்க முடியவில்லை. அது பல நேரங்களில் உண்மை. சில நேரங்களில் ஒளிந்துகொள்ளும் இடம். காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்களில் மற்றக் குழந்தைகளைப்போலவே குரல் எழுப்பும். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். மொழி வேகமாக ஊன்றும் ஆரம்ப ஆண்டுகளில் ஒவ்வொரு மாதமும் அக்குழந்தைக்கு முக்கியம். "அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசுனாரு" என்று காத்திருப்பது அந்த மாதங்களைச் செலவழிப்பது.

ஏன் காத்திருக்கிறார்கள்? அறியாமை மட்டும் காரணம் இல்லை, வெட்கமும்தான். புலனக் குழுவில் எல்லாரும் தங்கள் பிள்ளைகள் ஏபிசி சொல்லும் காணொளியைப் போட்டுக்கொண்டிருக்கும்போது, "என் மகன் கூப்பிட்டா திரும்பிப் பார்க்க மாட்டேங்கிறான்" என்று ஒரு தாய் எப்படி எழுதுவாள்? ஒப்பீட்டினால் பின்தங்கிய குழந்தையின் மனம் புண்படும் என்று மட்டும் நினைக்கிறோம். அதைவிடப் பெரிய கேடு, உதவி தேவைப்படும் குழந்தை மறைக்கப்படுவது. நம்முடைய பெருமைக்கான விலையை எங்கோ இன்னொரு வீட்டுக் குழந்தை கட்டுகிறது.

குழந்தையின் வளர்ச்சிப் படிகளை வைத்து ஓர் இலக்கிய வகையையே உருவாக்கிய மொழி நம்முடையது. பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள். தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, கைதட்டும் சப்பாணி, தளர்நடை போட்டு வரும் வாரானை. பாட்டியல் நூல்கள் இவற்றுக்கு மாதக் கணக்கும் சொல்கின்றன. ஆக, அளப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே பெரும்பாலான பருவங்களில் கவிஞர் குழந்தையைப் பற்றி அடுத்தவரிடம் பேசுவதில்லை; குழந்தையிடமே பேசுகிறார். கைதட்டு என்று கேட்கிறார், வா என்று அழைக்கிறார். அதே சமயம், அந்தக் குழந்தை எப்போதும் தெய்வமாகவோ அரசனாகவோ பெரியவராகவோதான் இருந்திருக்கிறது. தாமதமாக நடந்த குழந்தைக்கு யாரும் வாரானைப் பருவம் பாடியதாகத் தெரியவில்லை. அழைப்பு என்னவோ அந்தக் குழந்தைக்குத்தான் அதிகம் தேவை.

ஆகவே அளக்கலாம், அளக்கத்தான் வேண்டும். அளந்த எண் முதலில் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதில்தான் அறம் இருக்கிறது. குழந்தைக்கு என்ன தேவை என்று முடிவெடுக்க அது உதவினால் அக்கறை. பக்கத்து வீட்டுக்குச் சொல்லவென்றால், குழந்தையின் உடம்பை நம் சான்றிதழாகப் பயன்படுத்துகிறோம்.

அடுத்த ஓப்பன் ஹவுஸில் குழந்தையைப் பார்த்தால் "நடக்குதா?" என்று கேட்காமல் இருப்பது ஒன்றும் கஷ்டமில்லை. கீழே உட்கார்ந்து கைதட்டிப் பார்க்கலாம். அந்தத் தாய்க்குச் சொல்ல ஏதாவது இருந்தால், அவளே சொல்வாள்.