எச்சரிக்கை யாருக்கு?

மேலப்பாளையத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுத்த வீட்டு வாசலில் வயதான அம்மாள் ஒருவர் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். இலையில் தூளை வைப்பதும், உருட்டுவதும், நுனியை மடக்குவதும், நூல் கட்டுவதும் கண் பாராமலே நடந்தன. ஒரு காலத்தில் தறிச் சத்தம் கேட்ட ஊர் இது. தறி ஓய்ந்த வீடுகளில் சுளகு வந்து உட்கார்ந்துகொண்டது.

பேச்சு, புகையிலை உறைமேல் அச்சிடும் பயங்கரப் படங்களைப் பற்றித் திரும்பியது. "அதைப் பார்த்து யார் விட்டார்கள்?" என்றார் நண்பர். ஊரில் பொதுவாகச் சொல்லும் பேச்சுதான். நான் வாய் திறக்கவில்லை. எனக்கும் சிகரெட் பழக்கம் உண்டு. படம் பெரிதானதும், வாங்கிய கையோடு சிகரெட்டுகளைத் தகர டப்பாவுக்கு மாற்றிக்கொண்டவன் நான். பலிக்காத மிரட்டலுக்கு யாராவது தகர டப்பா தேடுவார்களா?

1975-ஆம் வருஷத்துச் சட்டம் சிகரெட்டுக்கு மட்டுமே எச்சரிக்கை வாசகத்தை விதித்தது. பீடியும் அடங்கிய சட்டம் 2003-இல்தான் பிறந்தது. 2009 மே 31 முதல் படம் வந்தது. 2016 ஏப்ரல் முதல் உறையில் 85 சதவீதத்தை அது பிடித்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவிலோ 2012-லேயே எல்லாச் சிகரெட் பெட்டிகளுக்கும் ஒரே மங்கல் நிறம் என்று ஆக்கிவிட்டார்கள். அலங்காரம் போனால் மயக்கமும் குறையும் என்பது கணக்கு. நியாயமான கணக்குத்தான். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் படம் புரியும். இன்னும் தொடாத பையனைத் தடுக்கவும் கூடும்.

ஆனால் டீக்கடையில் ஒற்றைப் பீடி வாங்கிப் பற்ற வைக்கிறவன் உறையைக் காண்பதே இல்லை. படத்தை நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருப்பவர் கடைக்காரர்!

அந்த அம்மாள் இருமினார். "தூளுதான் ஐயா, நெஞ்சைக் கமறும்," என்றார். படத்தைப் பற்றிக் கேட்டேன். "பார்க்கச் சகிக்கத்தான் இல்லை. சுத்துனாத்தானே கூலி?" என்று சிரித்தார். புகையிலைத் தூள் மூச்சிலும், அதன் நஞ்சு தோல் வழியாகவும் சுற்றுகிறவர் உடம்பில் ஏறுகின்றன. சுளகின்மேல் யாரும் படம் ஒட்டவில்லை. ஒட்டியும் என்ன?

தாமிரபரணியில் சுழல் உள்ள துறையில் 'இங்கே இறங்காதே' என்று பலகை வைப்பது தர்மம். குளிக்க வேறு துறை இருக்கிறது, விலகிப் போகலாம். இருப்பதே ஒரு துறை என்றால்? பலகை வைத்தவரே அங்கே சுங்கமும் வசூலித்தால்? உண்மையைச் சொல்லிவிட்டோம் என்பதால் பொறுப்பு தீர்ந்துவிடாது. விலகிப் போக வழியையும் காட்ட வேண்டும். குடிக்கிறவனுக்கு விட உதவி. சுற்றுகிறவளுக்கு வேறு பிழைப்பு. இவை இரண்டும் இல்லாத எச்சரிக்கை, எச்சரித்தவரின் மனச்சாட்சியைக் காக்கத்தான் உதவும்.

எனக்கோ வழி இருந்தது. விட்டால் என் வீட்டில் ஒரு வேளைச் சோறும் குறையாது. அந்த அம்மாளின் முன்னால் சட்டைப் பையிலிருந்த தகர டப்பாவை எடுக்க எனக்குக் கை வரவில்லை.