நிக்கோலா வாக்கரின் பல பிறவிகள்

பிரிட்டிஷ் தொலைக்காட்சி நாடகங்களில் மனத்துக்குப் பிடித்த ஒரு நடிகையைத் தொடர் தொடராகப் பார்த்துவரும் ஒருவர் உண்மையில் யாரைத் தொடர்கிறார்? நடிகையைத்தான் என்று சொல்லிவிட முடியாது. அவருடைய வீடு, நட்பு, கோபதாபம் எதுவும் பார்வையாளருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமையும் இல்லை. பாத்திரங்களைத்தான் என்றாலும் பொருந்தாது. ஒரு தொடரின் உளவுத்துறை அலுவலருக்கும் அடுத்த தொடரின் பண்ணைக்காரிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டும் இல்லையென்றால் ஒரு கதையிலிருந்து இன்னொரு கதைக்குக் கூடவே வருவது எது? ஒரே ஆள் என்று எதை வைத்துச் சொல்வது என்ற பழைய தத்துவக் கேள்விதான் இங்கே வேடம் மாற்றிக்கொண்டு நிற்கிறது.

இந்தக் கேள்விக்கு நிக்கோலா வாக்கரின் நடிப்பு வாழ்க்கை ஓர் அரிய எடுத்துக்காட்டு. பிபிசியின் ‘ஸ்பூக்ஸ்’ உளவுத் தொடரில் 2003-ல் ரூத் எவர்ஷெட் என்ற தகவல் ஆய்வாளராக வந்தார். மேலதிகாரி ஹாரி பியர்ஸைக் காப்பாற்றுவதற்காக ரூத் 2006-ல் செத்துப்போனதாக ஊரை நம்பவைத்துவிட்டு மறைகிறார்; 2009-ல் திரும்பி வருகிறார்; 2011-ல் தொடரின் கடைசி அத்தியாயத்தில் உண்மையாகவே சாகிறார். அடுத்த ஆண்டே சாலி வெய்ன்ரைட் எழுதிய ‘லாஸ்ட் டேங்கோ இன் ஹாலிஃபாக்ஸ்’ தொடரில் கில்லியன் பிறக்கிறார். யார்க்‌ஷயர் பண்ணையில் ஆடு வளர்க்கும் விதவை. கொடுமைக்காரக் கணவன் தற்கொலைக்கு முயன்று குற்றுயிராகக் கிடந்தபோது அவன் கதையை முடித்தது தானே என்ற உண்மையை மனத்துக்குள் பூட்டி வைத்திருப்பவர். 2015 முதல் 2021 வரை ஐடிவியின் ‘அன்ஃபர்காட்டன்’ தொடரில் பல்லாண்டுகளுக்கு முந்தைய கொலைகளைத் துப்புத் துலக்கும் கேஸி ஸ்டூவர்ட். 2018 முதல் ‘தி ஸ்ப்ளிட்’ தொடரில் பிறர் மணவாழ்வை முறித்துக் கொடுத்துச் சம்பாதிக்கும் வழக்கறிஞர் ஹன்னா. தன் மணவாழ்வும் கண்ணெதிரே முறிவதைப் பார்க்க வேண்டியவர். மேடையிலும் பெயர் பெற்றவர்தான். 2013-ல் துணை நடிகைக்கான ஆலிவியே விருது அவருக்குக் கிடைத்தது. ஆனால் மேடை நாடகம் சில மாதங்களில் முடிந்துபோகும். தொலைக்காட்சித் தொடரோ எட்டு ஆண்டு, பத்து ஆண்டு என்று நீண்டு, நடிகைக்கும் பாத்திரத்துக்கும் பார்ப்பவருக்கும் சேர்த்தே வயதேற்றுகிறது. கேள்வி இங்கே கூர்மை பெறுவதற்கு அதுவே காரணம்.

ஆங்கிலத் தத்துவ ஞானி ஜான் லாக் தம் பெருநூலின் 1694-ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்கு ஒரு விடையைச் சேர்த்தார். ஒரு மனிதரை நேற்றும் இன்றும் ஒரே ஆளாக்குவது உடலன்று, ஆன்மா என்னும் பொருளுமன்று. நேற்றைய செயலைத் தன் செயல் என்று உணரும் பிரக்ஞை. இளவரசனின் நினைவுகள் செருப்புத் தைப்பவனின் உடலுக்குள் புகுந்தால் அந்த உடலில் இருப்பவன் இளவரசனே என்பது லாக்கின் கற்பனைச் சோதனை. குற்றத்துக்குப் பொறுப்பேற்பதும் தண்டனை பெறுவதும் இந்தப் பிரக்ஞையைப் பற்றியே நிற்கின்றன என்று அவர் வாதிட்டார்.

இந்த அளவுகோலை வைத்தால் ரூத், கில்லியன், கேஸி மூவரும் முற்றிலும் வேறு வேறு ஆட்கள். மணிமேகலை மணிபல்லவத்தில் தன் பழம்பிறப்பை உணர்ந்தாள். கேஸிக்கோ ரூத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. பொறுப்பும் கடந்து வருவதில்லை. 2015-ல் ‘அன்ஃபர்காட்டன்’ பார்க்க உட்கார்ந்தவர்களில் பலர் கில்லியனின் குற்றத்தை அறிந்தவர்கள். பழைய கொலைகாரர்களைக் கேஸி விசாரிக்கும்போது, இவரே ஒரு கொலையை மறைத்தவர்தானே என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. குணம் போன்ற ஏதோ ஒன்று கூடவே வருகிறது, வினை மட்டும் வருவதில்லை. இந்த இரண்டையும் சிரமமில்லாமல் பிரித்துவைக்கப் பார்வையாளருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. உயிர் ஓர் உடலை விட்டு இன்னோர் உடலுக்குப் போகும்போது வினையும் தொடரும் என்று சமயங்கள் வற்புறுத்துவதோடு ஒப்பிட்டால் இது விந்தையான ஏற்பாடு. வினைக்கணக்கு ஒவ்வொரு தொடரின் முடிவிலும் தீர்க்கப்பட்டுவிடுகிறது; வாசனை மட்டும் தங்குகிறது.

அந்த வாசனை என்ன என்பதைச் சொல்வது கடினம், அடையாளம் காண்பது எளிது. பதில் சொல்ல வாய் திறந்து, சொல்லாமல் விழுங்கிவிடும் ஒரு தயக்கம். காயம் பட்ட இடத்தை மூட அவசரமாக வரும் ஒரு சிரிப்பு. எதிரில் இருப்பவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருக்கும் முகம். பேசுகிற முகத்தைவிட இதில்தான் வாக்கரின் தனித்தன்மை இருக்கிறது. ‘அன்ஃபர்காட்டன்’ விசாரணை அறைக் காட்சிகள் பெரும்பாலும் இந்தக் கேட்கும் முகத்தின்மேல்தான் நிற்கின்றன. இவை எவற்றையும் அந்தத் தொடரை எழுதிய கிறிஸ் லாங்கோ சாலி வெய்ன்ரைட்டோ எழுதித் தரவில்லை. எழுத்தாளர்கள் வேறு, கதைகள் வேறு; எழுதப்படாத இந்தப் பகுதிதான் எல்லாவற்றிலும் பொது.

நடிப்பில் தெரிவது யார் என்று இந்தியக் காவியவியலார் வெகு நுட்பமாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். நாட்டிய சாத்திரத்துக்கு உரைகண்ட மரபைச் சேர்ந்த சங்குகர், மேடையில் இராமனாக நிற்பவனைப் பார்க்கும்போது உண்டாகும் அறிவு எத்தகையது என்று கேட்டார். அது மெய்யறிவும் அன்று, பொய்யறிவும் அன்று, ஐயமும் அன்று, ஒப்புமையும் அன்று. சித்திரத்தில் எழுதிய குதிரையைக் குதிரை என்று கொள்வதைப் போன்ற தனி வகை அறிவு என்பது அவர் முடிவு. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் காஷ்மீரத்தில் வாழ்ந்த அபிநவகுப்தர் இதை மறுத்தார். சுவைஞர் அடைவது இராமனைப் பற்றிய அனுமானத்தை அன்று. நடனுக்கோ இராமனுக்கோ தனக்கோ மட்டும் உரியதாகாத, இடமும் காலமும் கழன்ற ஒரு பொது உணர்வை என்றார்.

இந்த வாதங்கள் எல்லாம் நடந்தது, இராமனை எல்லாரும் அறிந்த அரங்கில். அங்கே பாத்திரம் பழையது, நடன் புதியவன். பிரிட்டிஷ் தொடரில் நிலைமை தலைகீழ். முதல் அத்தியாயம் தொடங்கும்போது கேஸி ஸ்டூவர்ட் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த முகம் மட்டும் தெரியும். குதிரையை யாரும் கண்டதில்லை, தூரிகையின் போக்குதான் பழக்கமானது. புதியவளை நம்புவதற்கு முன்கடனாகப் பழையவர்களின்மேல் வைத்த நம்பிக்கையை எடுத்துக் கொடுக்கிறார் பார்வையாளர். தொலைக்காட்சி நிறுவனங்கள் நடிகரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கடனையும் கணக்கில் வைத்தே தேர்ந்தெடுக்கின்றன என்று கொள்வதில் தவறில்லை.

ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை இன்னும் நெருங்கி வருகிறது. மணிமேகலையின் சமயக்கணக்கர் வரிசையில் சாங்கியவாதியும் ஒருவன் என்பதால் தமிழ் வாசகருக்கு இந்தத் தரிசனம் அந்நியமன்று. நுண்ணுடல் ஒரு நடனைப் போல வேடங்களை மாற்றிக்கொண்டு பிறவிதோறும் வருகிறது என்கிறது ஒரு காரிகை. பிறிதோரிடத்தில் அதே நூல் பிரகிருதியை ஆடல்மகளாகவும், புருடனை அமர்ந்து பார்க்கும் பார்வையாளனாகவும் காட்டுகிறது. கேள்விக்கு இரண்டு விடைகள் இங்கே கிடைக்கின்றன. தொடர்ச்சி வேடங்களைக் கடந்து பயணம் செய்யும் ஏதோ ஒன்றில் இருக்கலாம். அல்லது பார்ப்பவனிடம் இருக்கலாம்.

இரண்டாவது விடைக்கு வலு அதிகம். கில்லியனுக்கு ரூத் நினைவில்லை. நடிகைக்குத் தாம் நடித்தவை நினைவிருந்தாலும், நல்ல நடிப்பு அந்த நினைவை ஒதுக்கிவைப்பதையே கேட்கிறது. எல்லாப் பிறவிகளையும் சேர்த்து நினைவில் வைத்திருப்பவர் பார்வையாளர் ஒருவரே. லாக் கேட்ட பிரக்ஞையின் தொடர்ச்சி இருக்கிறது, ஆனால் அது அந்த ஆளுக்கு வெளியே, எதிர் நாற்காலியில் இருக்கிறது. இந்த நிலையை ஒரு நாடகமே கதையாக்கியிருக்கிறது. 2015 அக்டோபரில் பிபிசியில் தொடங்கிய ஏபி மார்கனின் ‘ரிவர்’ தொடரில், ஸ்டெல்லான் ஸ்கார்ஸ்கோர்ட் நடித்த துப்பறிவாளர் ஜான் ரிவர், கொல்லப்பட்ட சக அதிகாரி ஸ்டீவியோடு பேசிச் சிரித்துக்கொண்டு திரிகிறார். ஸ்டீவி வேறு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஸ்டீவியாக வந்தவர் வாக்கர். ‘அன்ஃபர்காட்டன்’ முதல் பருவமும் அதே மாதம்தான் ஐடிவியில் தொடங்கியது. ஒரே வாரத்தில் செவ்வாய்க்கிழமை இறந்துபோன காவல் அதிகாரி, வியாழக்கிழமை இறந்தவர்களுக்காக உழைக்கும் காவல் அதிகாரி. ஸ்டீவி இருப்பது ரிவரின் பார்வையில் மட்டுமே. ஒரு நடிகையின் வேடங்களை இணைத்துக் காணும் ‘அவர்’ இருப்பதும் அப்படியே.

இதில் ஓர் அறக் கேள்வியும் உண்டு. கார்த்தேஜ் நகரத் தெர்த்துல்லியன் ஏறத்தாழ பொ.ஆ. 200-ல் கூத்துகளைக் கண்டித்து எழுதியபோது, உண்மையைப் படைத்த கடவுள் பொய் முகத்தை விரும்பமாட்டார் என்று சொன்னார். அந்தக் கண்டனம் இன்று யாரையும் உறுத்துவதில்லை. டேவிட் ஹேர் எழுதிய ‘கொலாட்டரல்’ என்ற 2018-ஆம் ஆண்டு நாடகத்தில் வாக்கரே பாதிரியாரின் கழுத்துப்பட்டை அணிந்து பங்குக்குருவாக வந்தார். அகுஸ்தீன் தம் ஒப்புதல் நூலின் மூன்றாம் பகுதியில் எழுப்பிய குறை அப்படித் தள்ளிவிடக் கூடியதன்று. இளமையில் அரங்கில் அழுது மகிழ்ந்தவர் அவர். நாடகத்தில் பிறக்கும் இரக்கம் உதவிக்கு எழச் சொல்வதில்லை, துயரத்தை ரசிக்கவே அழைக்கிறது. அது எப்படி இரக்கமாகும் என்று கேட்டார். 2021 மார்ச்சில், ‘அன்ஃபர்காட்டன்’ நான்காம் பருவத்தின் முடிவில், கார் மோதிக் காயமுற்ற கேஸி இறந்தபோது பல வீடுகளில் மெய்யான துக்கம் இருந்தது. ஆகஸ்டில் அதே முகம் ‘அனிகா’ என்ற புதிய தொடரில் கிளாஸ்கோ நீர்வழிக் கொலைகளை விசாரித்துக்கொண்டிருந்தது. முந்தைய கண்ணீருக்கு என்ன மதிப்பு?

அகுஸ்தீனின் வாதம் எல்லா இரக்கமும் உதவியில் முடிந்தாக வேண்டும் என்ற அடித்தளத்தில் நிற்கிறது. அந்த அடித்தளத்தைக் கேஸியின் தொழிலே அசைக்கிறது. அவர் தேடுவது பல ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட எலும்புகளின் சொந்தக்காரர்களை. அவர்களுக்கு இனி யாரும் எந்த உதவியும் செய்ய முடியாது. ஆனாலும் பெயர் கண்டுபிடிக்கப்பட வேண்டும், நடந்தது சொல்லப்பட வேண்டும் என்று கேஸி பிடிவாதமாக நிற்கிறார். அதை வீண் இரக்கம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கை எட்டாத இடத்தில் இருப்பவர்மேல் கொள்ளும் இரக்கம் தன்னளவில் போலியாகிவிடாது என்பதற்கு இது போதும். கற்பனைப் பாத்திரத்துக்காக மெய்யாக வருந்துவது முரண் என்று காலின் ராட்ஃபோர்டு 1975-ல் தொடங்கிவைத்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் துக்கம் அனுபவித்தவருக்கு அந்த முரண் பெரிய இடைஞ்சலாக இருப்பதில்லை.

‘அனிகா’ இந்த உறவில் இன்னொரு திருப்பத்தைக் கொண்டுவந்தது. அனிகா அடிக்கடி வழக்கை விட்டுத் திரும்பி, காமெராவை நேராகப் பார்த்துப் பேசுகிறார்: ‘மோபி டிக்’ பற்றி, இப்சனைப் பற்றி, மகளைப் பற்றி. திரையில் தெரியும் உலகத்துக்குப் பார்வையாளர் வராதவராகவே இருக்கிறார் என்று ஸ்டான்லி கேவல் 1971-ல் எழுதினார். அனிகா அந்த வராதவரைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். பார்க்கப்படுவதாக ஒரு மயக்கம் உண்டாகிறது. பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வந்தவருக்குத் தம்மை அடையாளம் கண்டுகொண்டதைப் போலவும் இருக்கிறது. கண்டுகொள்ளவில்லை என்பதே உண்மை. ஒருவழிப் பாதை ஒருவழிப் பாதைதான். இந்த உத்தி அதை இன்பமாக மறைக்கிறது, அவ்வளவே.

முகம்தான் இழை என்ற எண்ணமும் முழுக்கச் சரியில்லை. அனிகா முதலில் பிபிசி வானொலியில் ஆஸ்லோ நகரத்துக் காவலராக, குரலாக மட்டும் பிறந்தவர். முகமில்லாமலும் அந்த விழுங்கிய தயக்கமும் அவசரச் சிரிப்பும் காதுக்குப் பிடிபடுகின்றன. உடல் போனாலும் நடை தங்குகிறது.

கேள்வியின் மறுபக்கத்தையும் பிரிட்டிஷ் தொலைக்காட்சியே காட்டியிருக்கிறது. ஒரே நடிகை பல ஆட்களாவது போல, ஒரே ஆள் பல நடிகர்களாவதும் அங்கே வழக்கம். ‘தி கிரவுன்’ தொடரின் அரசி கிளேர் ஃபாய், ஒலிவியா கோல்மன், இமெல்டா ஸ்டான்டன் என்று மூன்று முகங்களில் மூப்படைகிறார். 1966-ல் வில்லியம் ஹார்ட்னெல் உடல் தளர்ந்து விலகியபோது ‘டாக்டர் ஹூ’ தொடரை நிறுத்தாமல், நாயகன் உடல் மாற்றிக்கொள்கிறான் என்று சொல்லி பேட்ரிக் ட்ரௌட்டனைக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து டாக்டருக்கு உடல் போகிறது, நினைவு போவதில்லை. லாக்கின் இளவரசன் ஆறு பத்தாண்டுகளாகத் திரையில் உலவுகிறான். அந்தத் தொடரின் ஒலிநாடக வடிவத்தில் வாக்கருக்கும் ஓர் இடம் உண்டு. 2011-ல் லிவ் செங்கா என்ற மருத்துவ உதவியாளராக, சில்வெஸ்டர் மெக்காய் குரலில் வந்த ஏழாம் டாக்டரைச் சந்தித்தார். 2014-ல் அதே லிவ் மறுபடி வந்தபோது எதிரில் இருந்தவர் பால் மெக்கேன் குரலில் பேசும் எட்டாம் டாக்டர். குரல் வேறு, உடல் வேறு. ஆனாலும் அன்று சந்தித்தவரேதான் இவர் என்று ஒப்புக்கொள்ள வேண்டிய நிலை இம்முறை லிவ்வுடையது.