யாருடைய கையெழுத்து?

திருவேங்கடம் போன்ற ஊரில் கராத்தே வகுப்பு பெரும்பாலும் பள்ளிக்கூட மைதானத்திலோ, கல்யாண மண்டபத்து வாசலிலோ, யாரோ மனமுவந்து விட்டுக்கொடுத்த காலி மனையிலோதான் நடக்கும். கரிசல் பூமி. மானாவாரி விவசாயமும் தீப்பெட்டி ஆபீஸ் வேலையும்தான் பல வீடுகளில் அடுப்பெரிய வைப்பவை. அந்த வீடுகளிலிருந்து வரும் பிள்ளைக்கு மாதக் கட்டணம், சீருடை, மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு பெல்ட் டெஸ்ட், ஆண்டுக்கு ஓரிரு போட்டி, அதற்குப் பஸ் செலவு, நுழைவுக் கட்டணம் என்று வாரக் கூலியிலிருந்துதான் எடுத்து வைக்கிறார்கள். கையில் கிடைக்கும் சான்றிதழ் எங்கே கொண்டுபோய் நீட்டினாலும் செல்லும் என்ற நம்பிக்கையில்தான் எடுத்து வைக்கிறார்கள்.

அந்தச் சான்றிதழில் பல கையெழுத்துகள் இருக்கும். மாஸ்டர், மாவட்டச் செயலாளர், மாநிலத் தலைமைப் பயிற்சியாளர், அவருக்கும் மேலே ஜப்பானிலோ வேறொரு நாட்டிலோ உள்ள உலகத் தலைமையகத்தின் முத்திரை. இவர்களில் அந்தப் பிள்ளை உதைத்ததையும் விழுந்ததையும் திரும்ப எழுந்து நின்றதையும் நாள்தோறும் பார்த்தவர் மாஸ்டர் ஒருவர்தான். மேலே போகப் போக, பார்த்தவர்கள் குறைகிறார்கள், அதிகாரம் கூடுகிறது. கராத்தே உலகத்தின் சண்டைகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு முரணிலிருந்து புரிந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

நிலைகளும் பெல்ட்டும் கராத்தேயோடு கூடவே பிறந்தவை அல்ல. ஜிகோரோ கானோ 1882-ல் டோக்கியோவில் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டே தன் மாணவர் இருவருக்கு முதல் டான் என்ற தேர்ச்சி நிலையை வழங்கினார். ஒகினாவாத் தீவிலிருந்து 1922-ல் டோக்கியோவுக்கு வந்த கிச்சின் புனகோஷி அந்த முறையைக் கராத்தேக்கு எடுத்துக்கொண்டு, 1924 ஏப்ரலில் ஏழு பேருக்கு முதல் கறுப்புப் பட்டையைக் கொடுத்தார். ஏழு பேரும் அவர் கண்ணெதிரில் பயின்றவர்கள். இவனை எனக்குத் தெரியும், இவன் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்று ஓர் ஆசிரியர் சொன்ன சாட்சியம் அது. அதற்கு மேல் வேறு யாருடைய ஒப்புதலும் அன்று தேவைப்படவில்லை.

பிறகு நிறுவனம் வந்தது. 1895-ல் கியோட்டோவில் தோன்றிய தாய் நிப்பான் புதோகுகாய், ஜப்பானியப் போர்க்கலைகளுக்கெல்லாம் பட்டம் வழங்கும் பேரமைப்பாக வளர்ந்திருந்தது. 1933-ல் கராத்தேயும் அதன் குடைக்குள் ஏற்றுக்கொள்ளப்பட்டது. போர் முடிந்து 1946-ல் அந்த அமைப்பு கலைக்கப்பட்டது. மேலிருந்து பட்டம் கொடுத்த ஒரே கை இல்லாமற் போனதும், ஒவ்வொரு பாணியும் தனக்குத்தானே அதிகாரமாகிக்கொண்டது. இன்று உலகில் எத்தனையோ சங்கங்கள் பத்தாம் டான் வரை வழங்குகின்றன. அந்த டான்களையெல்லாம் ஒரே அளவுகோலில் வைத்துச் சரிபார்க்கும் இடம் எதுவும் இல்லை.

கோஜு-ரியூ பாணியை நிறுவிய சோஜுன் மியாகியை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் அந்தப் பாணி சொல்லித்தரப்படுகிறது. மியாகி தன் மாணவர் எவருக்கும் டான் நிலை கொடுத்ததில்லை. 1953-ல் அவர் இறந்த பிறகுதான் மாணவர்கள் டான் முறையை ஏற்றார்கள், அவருடைய உண்மையான வாரிசு யார் என்ற கேள்வி எழுந்தது, சங்கங்கள் பிரிந்தன. பிரிந்தவர்களை நான் பழிக்கவில்லை. வெளிநாடுகளுக்கும் கலை பரவிய காலத்தில், முன்பின் தெரியாதவரிடம் தன்னை நிரூபிக்க ஒரு தாள் தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் ஆசிரியர் கொடுக்காத ஒன்றை அவர் பெயராலேயே கொடுக்க நேர்ந்தபோது, அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமையே வழக்குக்குரிய சொத்தாகிவிட்டது.

இது ஒரு பாணியின் கதை மட்டுமல்ல. 1957-ல் புனகோஷி மறைந்தபோது இறுதிச் சடங்கை யார் முன்னின்று நடத்துவது என்பதிலேயே அவருடைய மாணவர்கள் பிரிந்தார்கள். அவர்களில் ஒரு பிரிவினரான ஜப்பான் கராத்தே சங்கத்தார் சடங்குக்கு வரவில்லை. அதே சங்கத்தின் தலைமை ஆசிரியர் மசதோஷி நாகயாமா 1987-ல் இறந்தார். சில ஆண்டுகளில் சங்கம் இரண்டாகி, இரு தரப்பும் ஒரே பெயருக்காக நீதிமன்றம் போயின. வழக்கு முடிய 1999 ஆனது. கியோகுஷின் பாணியை நிறுவிய மசுதாட்சு ஓயாமா 1994-ல் மறைந்ததும் அந்தப் பாணிக்கும் இதே கதி.

காரணம் மறைவானதல்ல. பெல்ட் டெஸ்ட் கட்டணத்தில் ஒரு பங்கு மேலே போகிறது. டான் சான்றிதழுக்கு இன்னும் பெரிய தொகை. கையெழுத்திடும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் வருமானமும், கிளைகளும், வெளிநாட்டு அழைப்புகளும், ஊரில் மரியாதையும் சேர்கின்றன. தலைவர் இருக்கும்வரை இது வெளியே தெரியாது. அவர் போன மறுநாள் பாகப்பிரிவினை தொடங்கும்.

இந்தியாவில் இன்னொரு அடுக்கும் சேர்கிறது. பாணியின் பெல்ட் வேறு, விளையாட்டுக் கூட்டமைப்பின் அங்கீகாரம் வேறு. கல்லூரி இடத்துக்கும் வேலைக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு கேட்பது இரண்டாவதைத்தான். கறுப்புப் பட்டைக்கு அங்கே மதிப்பில்லை. அங்கீகாரம் பெற்ற அமைப்பின் போட்டிச் சான்றிதழ் வேண்டும். பட்டைக்குப் பணம் கட்டும் பெற்றோரில் எத்தனை பேருக்கு இந்த வேறுபாடு சொல்லப்படுகிறது? ‘இன்டர்நேஷனல்’ என்று அச்சிட்ட ஒரு ஓப்பன் டோர்னமென்ட் கோப்பை வீட்டு அலமாரியில் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து விண்ணப்பம் போடும்போதுதான் அது எங்கும் செல்லாது என்று தெரியும்.

முறையான அமைப்பைத் தேடிப் போனவர்களுக்காவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. கராத்தே அசோசியேஷன் ஆஃப் இந்தியாதான் நாட்டில் அங்கீகாரம் பெற்ற அமைப்பாக இருந்தது. ‘கராத்தே’ தியாகராஜன் என்று தமிழ்நாடு அறிந்த, சென்னை மாநகராட்சியின் துணை மேயராக இருந்த ஆர். தியாகராஜன் அதன் தலைவராக இருந்திருக்கிறார். 2019 தேர்தலையொட்டி நிர்வாகிகளுக்குள் பிளவு முற்றியது. 2020 ஜூனில் உலக கராத்தே கூட்டமைப்பு அந்தச் சங்கத்தின் இணைப்பைத் தற்காலிகமாக நீக்கியது. பின்னர் கராத்தே இந்தியா ஆர்கனைசேஷன் என்ற வேறோர் அமைப்பு உலகக் கூட்டமைப்பில் இடம் பெற்றது. 2021 ஆகஸ்டில் டோக்கியோவில் கராத்தே முதன்முறையாக ஒலிம்பிக் போட்டியாக நடந்தபோது இந்தியாவிலிருந்து யாரும் களத்தில் இல்லை. பாரிஸில் கராத்தே இல்லை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸிலும் இல்லை.

நிர்வாகிகளுக்கு இந்தப் பிளவு ஒரு தேர்தல் தகராறு. ஒரு புது லெட்டர்பேடில் அவர்கள் மறுபடி தொடங்கிவிடலாம். கீழே இருக்கும் மாஸ்டருக்கு அது அப்படி முடிவதில்லை. எந்தப் பக்கம் சேர்வது என்று அவர் முடிவெடுத்தாக வேண்டும். தவறான பக்கம் சேர்ந்தால் அவர் பிள்ளைகள் ஸ்டேட் மீட்டுக்குப் போக முடியாது. சங்கம் மாறினால், பழைய பெல்ட் செல்லாது, மீண்டும் டெஸ்ட் கொடுத்துக் கட்டணம் கட்டுங்கள் என்று புதிய இடத்தில் சொல்லப்படுவதும் உண்டு. ஒரு பெண் மூன்று ஆண்டு உழைத்து அடைந்த பிரவுன் பெல்ட், அவள் உடலில் இருக்கும் பயிற்சியில் ஒரு துளியும் குறையாத நிலையிலேயே, தாளில் மட்டும் இல்லாமற் போகிறது. என்னால் ஏற்றுக்கொள்ள முடியாதது இதுதான். அந்தத் தேர்தலில் அவளுக்கு வாக்கு இல்லை. விளைவு மட்டும் அவளுக்கு.

உலகக் கூட்டமைப்பின் போட்டிக் களத்தில் ஒரு நல்ல விதி இருக்கிறது. குமித்தே என்ற நேருக்கு நேர் மோதலில் இறங்கும் இருவரில் ஒருவர் சிவப்புப் பட்டை கட்டுவார், மற்றவர் நீலம். முதல் டானோ ஐந்தாம் டானோ, அந்தச் சில நிமிடங்களுக்கு நிலை எதுவும் களத்தில் தெரியாது. புள்ளி அடித்தால் புள்ளி. நடுவர் பார்ப்பது உத்தியை மட்டும். கராத்தே தன்னைத் தானே சரியாகப் புரிந்துகொண்ட இடம் இது என்பேன். இந்தத் தெளிவு களத்தோடு நின்றுவிடுகிறது, அலுவலகத்துக்குப் போவதில்லை.

சங்கங்களை எல்லாம் ஒன்றாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாணிகள் பல இருக்கட்டும். அவற்றின் வளம் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. டான் வழங்குவதை அந்தந்தப் பாணியிடமே விட்டுவிடலாம். ஆனால் வழங்கும் தாளில், தேர்வு நடத்தியவர் யார், எந்த ஊரில், எந்தத் தேதியில், என்னென்ன கட்டா (வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்பு) செய்யச் சொன்னார், மாணவர் எத்தனை ஆண்டு யாரிடம் பயின்றார் என்பவை இருக்க வேண்டும். உலகத் தலைமையகத்தின் பொன்னிற முத்திரையைவிட இந்தச் சில வரிகள் மதிப்புள்ளவை. சங்கம் உடைந்தாலும் அந்த வரிகள் பொய்யாகாது. அடுத்த மாஸ்டர் அவற்றைப் படித்துவிட்டு, பிள்ளையை ஒரு கட்டா செய்யச் சொல்லிப் பார்த்தால் போதும்.

போட்டிச் சான்றிதழ் அரசின் பொறுப்பு. அரசுப் பள்ளிப் பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி என்று ஆண்டுதோறும் கராத்தே சொல்லித்தரும் அரசுக்கு, அந்தப் பெண்களில் ஒருத்தி தொடர்ந்து பயின்று போட்டிக்குப் போனால் அவள் எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்று சொல்லும் கடமையும் உண்டு. திருவேங்கடம் இருக்கும் தென்காசி மாவட்டத்தில், எந்தச் சங்கத்தின் எந்தப் போட்டி இந்த ஆண்டு கணக்கில் வரும் என்ற ஒரு பட்டியலைப் பள்ளிதோறும் ஒட்டினால், கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பெற்றோர் அதைப் படித்துவிடுவார்கள். அதோடு இன்னொன்று: அங்கீகாரம் இருந்த நாளில் நடந்த போட்டியின் முடிவு, அங்கீகாரம் பின்னால் பறிபோனாலும் செல்லும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். நிர்வாகி செய்த குற்றத்துக்கு நிர்வாகியைத் தண்டிக்கட்டும். ஆடியவர் பெற்ற புள்ளிகளை அழிக்க வேண்டாம்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தை நிறைவேற்றியது. விளையாட்டு அமைப்புகளுக்கு அங்கீகாரம் தருவதும் நிறுத்துவதும் இனி தேசிய விளையாட்டு வாரியத்தின் கையில். தகராறுகளை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயமும் உண்டு. சட்டத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கிரிக்கெட் வாரியத்தைச் சுற்றியே நடந்தது. கராத்தே பிள்ளைகளுக்காக அந்த வாரியத்திடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: ஓர் அமைப்பின் அங்கீகாரத்தை நிறுத்தும் ஆணையில் கையெழுத்திடும்போது, அதே ஆணையில், அதுவரை அந்த அமைப்பில் ஆடியவர்களின் சான்றிதழ்கள் செல்லும் என்ற வரியும், அடுத்த போட்டிக்கு அவர்கள் யாரிடம் பெயர் கொடுக்க வேண்டும் என்ற முகவரியும் இருக்க வேண்டும்.