ரசிகனுக்குக் கடன் உண்டா?

எங்க அம்மா இருபத்திரண்டு வருசம் தங்காக்கில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். தங்காக் தெரியாதவர்களுக்கு: மலாக்காவைத் தாண்டித் தெற்கே நெடுஞ்சாலையில் வந்தால் ஜொகூருக்குள் முதலில் வருகிற ஊர். பின்னால் லேடாங் மலை, ஊருக்குள்ளே வரிசையாகத் துணிக்கடைகள். தீபாவளியோ நோன்புப் பெருநாளோ நெருங்கினால் மூவார், மலாக்கா பக்கமிருந்து காடி காடியாக வந்து இறங்குவார்கள்.

அப்படி வருகிறவர்களில் பாதிப் பேர் அம்மாவின் வாயைக் கேட்கத்தான் வந்தார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். விலையைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்களிடம் அம்மா திடீரென்று சென்னைத் தமிழுக்கு மாறிவிடுவார். "இன்னாம்மே, துணிய பாத்தியா, மூஞ்ச பாத்தியா, வெலைய மட்டும் பாக்குற?" வந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். சிரித்தபிறகு பேரம் பேசுவது கஷ்டம். அம்மா சென்னையைப் பார்த்ததே இல்லை. சாகில் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, லயத்து வீட்டுக்கும் கித்தா மரத்துக்கும் நடுவில் வளர்ந்தவர். அந்தத் தமிழ் முழுவதும் மனோரமா போட்ட பிச்சை என்று அவரே சொல்வார்.

அப்பாவும் மனோரமா ரசிகர்தான். தொலைக்காட்சியில் 'தில்லானா மோகனாம்பாள்' போட்டால், ஜில் ஜில் ரமாமணி வருகிற இடத்தில் வீட்டில் இருக்கிற எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைப்பார். சிவாஜியும் பத்மினியும் இருக்கிற படத்தில் கொஞ்ச நேரம் வந்துபோகிற ஒருத்தி மொத்தப் படத்தையும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள் என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி சொல்வார். இதே அப்பா, சொந்தக்காரர் வீட்டு விருந்தில் அம்மா ஏதோ சொல்லி, சொன்னதற்கு அவரே வாய்விட்டுச் சிரித்தபோது, பக்கத்தில் வந்து, "கொஞ்சம் மெதுவா சிரி, ஆளுங்க பாக்குறாங்க" என்றார். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான். அம்மாவும் சாதாரணமாக நிறுத்திக்கொண்டார். எனக்கு அப்போது பத்து, பதினோரு வயசு இருக்கும். அதில் தப்பு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை.

இந்தக் கட்டுரை அப்பாவைப் பற்றியது இல்லை, என்னைப் பற்றியது. அப்பாவுக்கு அது முரணாகவே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தும் நான் வேறு மாதிரி இருந்துவிடவில்லை.

முதலில் மனோரமாவைக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் என் வயசு நண்பர்கள் பலருக்கு அவர் மீம் படமாகத்தான் தெரியும். 1937இல் மன்னார்குடியில் பிறந்தவர், இயற்பெயர் கோபிசாந்தா. அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொள்ள, அம்மாவும் மகளும் செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு வந்தார்கள். அம்மா வீட்டுவேலை செய்தார். மகளின் பள்ளிக்கூடம் பாதியில் நின்றது, நாடகம் வந்தது. 1958இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடத்தில் சினிமாவுக்கு வந்தார். அதற்குப்பிறகு ஆயிரம் படங்களுக்கு மேல். நாடகக்காலத்தில் சேர்ந்து நடித்த எஸ்.எம். ராமநாதனை மணந்தார். மகன் பிறந்த கொஞ்ச நாளிலேயே அந்தக் கணவர் விட்டுப்போனார். குடும்பத்துக்குச் சம்பாதிக்கிற ஒரே ஆளாக, ஒரே வருசத்தில் எத்தனையோ படங்களில், யாரோ எழுதிக்கொடுத்த மக்குப் பெண்ணாகவும் வாயாடியாகவும் வந்து எல்லாரையும் சிரிக்கவைத்தார். 'புதிய பாதை'க்குத் தேசிய விருது, 2002இல் பத்மஸ்ரீ. 2015 அக்டோபர் 10ஆம் தேதி இறந்தார். மறுநாள் அம்மா கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார்.

பாட்டும் அவருக்கு வரும். 1968இல் 'பொம்மலாட்டம்' படத்தில் அவரே பாடிய சென்னைத் தமிழ்ப் பாட்டைத்தான் அம்மா இன்றும் சமையலறையில் முணுமுணுப்பார். அந்தப் பாட்டில் எனக்குப் பிடித்தது குரலின் அழகு இல்லை (பி. சுசீலாவோடு வைத்துக் கேட்டால் அழகே இல்லை என்றுகூடச் சொல்லலாம்). "என்னைப் பார்த்துத்தானே சிரிக்கப்போகிறீர்கள், அந்தச் சிரிப்பு எப்போது வரவேண்டும் என்று நான் சொல்கிறேன்" என்கிற மாதிரி ஒரு பிடி அதில் இருக்கிறது. கோமாளியாக இருப்பதற்கும் கோமாளியாக ஆக்கப்படுவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

ஆனால் ரசிகன் அந்தப் பிடியை எத்தனை தூரம் பொறுத்துக்கொள்வான்? 1996 தமிழ்நாட்டுத் தேர்தலில் ரஜினி ஜெயலலிதாவுக்கு எதிராகப் பேசினார். மனோரமா அ.தி.மு.க.வுக்காகப் பிரச்சாரம் செய்தார், ரஜினியைக் கடுமையாகவே விமர்சித்தார். தேர்தல் முடிந்ததும் அவருக்குப் படவாய்ப்புகள் குறைந்துபோயின. பிறகு 1997இல் 'அருணாசலம்' படத்தில் ரஜினியே அவரை நடிக்கவைத்தார். இந்தக் கதை மலேசியாவிலும் எல்லா ரஜினி ரசிகனுக்கும் தெரியும். மாமாக் கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் யாராவது ஒருத்தர் சொல்லிவிடுவார்: "பாத்தியா, எவ்ளோ பெரிய மனசு தலைவருக்கு!" பெரிய மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் பல வருசம் இந்தக் கதையை நானும் சொல்லித் திரிந்தபிறகுதான் ஒரு கேள்வி வந்தது. ஐம்பது வயசு தாண்டிய, எத்தனையோ நூறு படங்களில் நடித்த ஒரு கலைஞர் தேர்தலில் தன் பக்கத்தைச் சொன்னார். சொன்ன விதம் பிடிக்காமல் போகலாம். ஆனால் அது மன்னிக்கப்படவேண்டிய குற்றம் என்று நாங்கள் எப்போது முடிவுசெய்தோம்? கதை முழுவதும் மன்னித்தவரைப் பற்றியதாக இருக்கிறது. அந்த இடைப்பட்ட மாதங்களில் வேலையில்லாமல் வீட்டில் இருந்தவருக்கு அதில் ஒரு வரி இல்லை.

இது நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது, அதனால் சுலபமாக நியாயம் பேசுகிறேன். என் முறை 2018இல் வந்தது.

அப்போது பத்து பகாட்டில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். அக்டோபர் 4ஆம் தேதி '96' வெளியானது. விடுதியிலிருந்து ஒரே காடியில் ஆறு பேர் நெருக்கிக்கொண்டு போய்ப் பார்த்தோம். திரும்பி வரும்போது யாரும் பேசவில்லை. ஜானு எங்கள் எல்லாருக்கும் ஏதோ ஒரு விதத்தில் தெரிந்தவளாக இருந்தாள். திரையில் திரிஷா. அந்தக் குரல் சின்மயியுடையது. படத்தின் பாடல்களிலும் அவர்தான். அவர் அப்படிப் பேசியிருக்காவிட்டால் ஜானு அந்த ஜானுவாக இருந்திருக்க மாட்டாள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதே மாதத்தில் சின்மயி தன் சொந்தப் பெயரில், சொந்தக் குரலில், புகழ்பெற்ற ஒரு பாடலாசிரியர்மீது பாலியல் புகார் சொன்னார். அவர் மறுத்தார். அடுத்த மாதம் டப்பிங் சங்கத்திலிருந்து சின்மயி நீக்கப்பட்டார். சந்தா கட்டவில்லை என்பது சங்கம் சொன்ன காரணம். ஆக, வருசத்தின் மிகப்பெரிய காதல் படத்துக்குக் குரல் கொடுத்தவர், அந்தப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே குரல் கொடுக்கும் வேலையை இழந்தார்.

எங்கள் புலனக் குழுவில் என்ன நடந்தது? ஒரு மீம் வந்தது. அதை விவரிக்கப்போவதில்லை. நான் சிரித்தேன், இன்னொரு குழுவுக்கு அனுப்பினேன். அன்றிரவு தூங்கப்போகும்போது காதில் '96' பாட்டு போட்டுக்கொண்டுதான் படுத்தேன். அவள் பாடியதைக் கேட்டபடி அவளைப் பார்த்துச் சிரித்தேன், இரண்டுக்கும் நடுவில் எனக்கு எதுவுமே இடிக்கவில்லை. அந்தக் குழுவில் இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி அடுத்தநாள் விலகினாள். "வீட்ல டேட்டா பிரச்சினையாம்" என்று யாரோ சொன்னார்கள்.

புகார் உண்மையா பொய்யா என்று எனக்கெப்படித் தெரியும் என்று ஒரு நண்பன் கேட்டான். சரியான கேள்வி. எனக்குத் தெரியாது, தீர்ப்பு சொல்லும் இடத்திலும் நான் இல்லை. ஆனால் தெரியாது என்பதுதான் என் நிலைமை என்றால், நான் சும்மா இருந்திருக்கவேண்டும். சிரித்ததன்மூலம் நான் தீர்ப்பு சொல்லிவிட்டேனே. நம்புவது ஒரு கடமையா என்பது பெரிய விவாதம். கேட்டு முடிக்கும்வரை சிரிக்காமல் இருப்பது அவ்வளவு பெரிய விவாதம் இல்லை.

கலை வேறு கலைஞர் வேறு என்று ஒரு வாதம் உண்டு, இலக்கியக் கூட்டங்களில் தவறாமல் வரும். பெரும்பாலும் ஒரு ஆண் கலைஞர்மீது குற்றச்சாட்டு வரும்போது அவர் படைப்பைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அதைச் சொல்கிறோம். அதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் இதையே நாம் பெண் கலைஞர்களுக்குத் தலைகீழாகப் பயன்படுத்துகிறோம் என்பது அந்த மீம் நாளுக்கு ரொம்பப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அவருடைய கலையைப் பிரித்தெடுப்பது அவரைக் காப்பாற்ற. இவளுடைய கலையைப் பிரித்தெடுப்பது இவளை வெளியே வைக்க. பாட்டு வேண்டும், பாடுகிறவள் வேறு எதுவும் பேசவேண்டாம். டப்பிங் என்ற தொழிலே குரலையும் ஆளையும் பிரிக்கிற தொழில் என்பதால் இந்த விசயத்தில் அது கொஞ்சம் அப்பட்டமாகவே தெரிந்தது.

என் நண்பன், கணக்கியல் படித்தவன், வேறொன்று சொன்னான். "டிக்கெட் வாங்கினோம், படம் பாத்தோம், கணக்கு முடிஞ்சது. இதுல என்னடா கடன்?" கடையில் சட்டை வாங்கினால் தைத்தவருக்கு நான் கடன்பட்டவன் இல்லை என்பது அவன் வாதம். ரொம்ப நாள் இதற்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் முழுசாகத் தெரியாது. ஆனால் ஒன்று சொல்லலாம். சட்டையை நான் உடுத்துகிறேன், அவ்வளவுதான். அந்தக் குரலை வைத்துத்தான் நான் என் முதல் காதலை எனக்கே சொல்லிக்கொண்டேன். அம்மா மனோரமாவை வைத்துத்தான் முதலாளி, வாடிக்கையாளர், வாழ்க்கை எல்லாவற்றையும் சமாளித்தார். ஒருத்தர் நமக்குப் பேச்சையே கொடுத்திருந்தால், அவர் பேசவரும்போது வாயைப் பொத்தச் சொல்வது டிக்கெட் காசில் அடங்காது.

ஆனால் 'கடன்' என்று சொல்வதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. ரசிகர்கள் கடனைத் திருப்பி எழுதுவதில் கெட்டிக்காரர்கள். "நாங்கதான் உன்ன இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தோம்" என்பது ரசிகனின் வழக்கமான வசனம். கொடுத்தது அவர், ஆனால் வசூலிக்க வருவது நாம். டிக்டாக்கில் நம்ம ஊர்ப் பெண்கள் ஜோக் அடித்துக் காணொளி போட்டால் கீழே போய்ப் பாருங்கள். முதல் பத்தில் பாராட்டு, அடுத்த பத்தில் உரிமை, அதற்குக் கீழே என்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2024 ஜூலையில் ஈஷா என்று எல்லாருக்கும் தெரிந்த ராஜேஸ்வரி அப்பாஹு இணையத்தில் துன்புறுத்தப்பட்டு உயிரை விட்டார். அந்த வழக்கில் ஒருவருக்குக் கிடைத்தது 100 ரிங்கிட் அபராதம். நாடு கொதித்தது, பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த வாரம் என் பழைய விடுதித் தோழர்கள் எல்லாரும் முகநூலில் கருப்புப் படம் வைத்தார்கள். நானும் வைத்தேன். வைத்துவிட்டு 2018 குழுவைத் தேடிப்போனேன். அந்த மீம் அங்கேயே இருந்தது, நான் போட்ட சிரிப்பு முகத்தோடு.

இவ்வளவு யோசித்தபிறகு நான் மாறியிருக்கவேண்டும். முதல் வேலை ஒரு தொழிற்சாலையில். தரக்கட்டுப்பாட்டில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள், என்னைவிட இரண்டு வயசு சின்னவள். அவள் இருந்தால் இரவு ஷிஃப்ட் போவதே தெரியாது, மேலாளரின் நடையையும் மெஷின் கத்துகிற சத்தத்தையும் அப்படியே செய்துகாட்டுவாள். எல்லாருக்கும் அவளைப் பிடிக்கும். நான் அவள் ரசிகன் என்றே வைத்துக்கொள்ளலாம். ஒருநாள் காலைக் கூட்டத்தில், சூப்பர்வைசர் தன் உடம்பைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவேண்டும் என்று அவள் நேராகச் சொன்னாள். அறை அமைதியாகிவிட்டது. பிறகு சூப்பர்வைசரே சிரித்துக்கொண்டு, "எப்பவும் ஜோக் அடிக்கிற பொண்ணுதானே நீ, இதையும் ஜோக்கா எடுத்துக்க" என்றார். சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதை அப்போது ஒரு முன்னேற்றமாக நினைத்தேன். வாயைத் திறக்கவும் இல்லை. மூன்று மாதத்தில் அவள் வேலையை விட்டாள்.

சிரிக்கவைக்கிற பெண்ணுக்கு நாம் தருகிற பரிசு இதுதான் போல: அவள் எதைச் சொன்னாலும் ஜோக். மனோரமாவின் அந்தப் பிடியை நான் அவ்வளவு ரசித்தேனே, அதையே ஒருத்தி என் கண்ணெதிரே இறுக்கிப் பிடித்து, சிரிப்பு இங்கே நிற்கவேண்டும் என்று சொன்னாள். ரசிகனாக எனக்கு அங்கே ஒரே ஒரு வேலை இருந்தது.

போன மாதம் தங்காக் வந்திருந்தபோது அம்மாவிடம் அந்த விருந்துவீட்டுச் சம்பவத்தைக் கேட்டேன். அம்மாவுக்கு ஞாபகமே இல்லை. "அப்படி எத்தன தடவ சொல்லியிருப்பாரு, அதெல்லாம் கணக்கு வெச்சா முடியுமா?" என்றார். கொஞ்சநேரம் கழித்து, துணி மடித்துக்கொண்டே, "அதுக்குத்தான் கடையில சிரிச்சுக்கிட்டேன்" என்றார்.

அன்றிரவு அந்தத் தோழிக்குச் செய்தி அனுப்பினேன். அன்றைக்குப் பேசியிருக்கவேண்டும், பேசவில்லை, அது தப்பு என்று மட்டும். ரொம்ப நேரம் பதில் இல்லை. காலையில் பசியாற உட்கார்ந்தபோது வந்தது. சூப்பர்வைசரின் குரலில் ஒரு ஒலிப்பதிவு, அப்படியே அவர்தான் பேசுகிற மாதிரி: "இதையும் ஜோக்கா எடுத்துக்க தம்பி." அதற்குமேல் எதுவும் இல்லை. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இன்னொரு தடவை கேட்டேன்.