மூச்சும் அமானிதமே

சத்துவாச்சாரியில் ஒரு முதியவரை எண்ணிப் பாருங்கள். 40 ஆண்டுப் பீடிப்புகையில் நுரையீரல் நலிந்துவிட்டது. வயிற்றுப் பெருந்தமனியோ 5.5 சென்டிமீட்டரைத் தாண்டிப் புடைத்துள்ளது. வெடித்தால் பிழைப்பது அரிது. வயிற்றைத் திறந்து சிகிச்சை செய்தால், சுவாசக் கருவியிலிருந்து மீளாமலும் போகலாம். 1990இல் அர்ஜென்டினாவில் தோன்றிய தொடைவழிச் சிகிச்சை அபாயத்தைக் குறைத்ததேயன்றி நீக்கவில்லை.

“அத்தாவிடம் சொல்லிவிடாதீர்கள்” என்று மருத்துவரிடம் பிள்ளைகள் மன்றாடுகின்றனர். அன்புதான், ஆயினும் அது நீதியாகுமா? 1955இல் பெருந்தமனி கிழிந்தபோது அறிஞர் ஐன்ஸ்டைன் அறுவை சிகிச்சையை மறுத்தார். நிலையறிந்து அவரே எடுத்த முடிவு அது. ஏற்பதாயினும் மறுப்பதாயினும் முதியவரே சொல்லட்டும். மூச்சு அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் கணக்கை அவருக்கே மறைக்க நாம் யார்?