சாத்தான் கேட்கும் மரியாதை

ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1968ஆம் ஆண்டு வெளியிட்ட ‘சிம்பதி ஃபார் த டெவில்’ என்னும் ராக் பாடலில், சாத்தானே தன்மை இடத்தில் நின்று, பண்பட்ட பிரபுவின் பணிவோடு தன் வரலாற்றைச் சொல்கிறான். பாடலை எழுதிய மிக் ஜாகர் பிரெஞ்சுக் கவி போதலேரின் தாக்கத்தைக் குறிப்பிட்டிருக்கிறார் எனினும், மேரியன் ஃபெய்த்ஃபுல் அவருக்குப் படிக்கக் கொடுத்த மிகயீல் புல்ககோவின் ‘மாஸ்டரும் மார்கரீட்டாவும்’ நாவலின் சாயலே அதில் ஆழமாகப் படிந்துள்ளது. 1940இல் ஆசிரியர் இறக்கும்வரை எழுதித் திருத்திய அந்த ரஷ்ய நாவல், 1966-67இல்தான், அதுவும் தணிக்கையின் வெட்டுகளோடு, மாஸ்கோ இதழொன்றில் அச்சேறியது.

நாவலின் சாத்தானுக்கு வோலண்ட் என்று பெயர். கதேயின் ‘ஃபவுஸ்ட்’ நாடகத்தில் சாத்தானாகிய மெஃபிஸ்டோ தனக்குச் சூட்டிக்கொள்ளும் பெயர்களுள் ஒன்று அது. மாஸ்கோவில் அவனைச் சந்திக்கும் இளங்கவிஞனுக்கு அப்பெயரின் முதலெழுத்து மட்டுமே நினைவில் நிற்கிறது. பாடலின் சாத்தானும் தன் பெயரைக் கேட்பவரே ஊகிக்கட்டும் என்று விட்டுவிடுகிறான். சொல்லாமல் விட்டதை அறிந்தோர் உணர்ந்துகொள்ள வைக்கும் உத்தியைத் தமிழ் இலக்கணம் உள்ளுறை என்னும். ஆனால் மூலத்தைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியிலேயே தேடல் நின்றுவிட்டால், மூலத்திலிருந்து பாடல் எங்கே விலகுகிறது என்பது கண்ணில் படாமலே போகும்.

விலகல் நிகழும் இடம் சமயத் தத்துவத்தின் பழைய சிக்கலொன்று: எல்லாம் வல்ல, முற்றிலும் நல்ல இறைவன் படைத்த உலகில் தீமை ஏன் இருக்கிறது என்பது. தீமை தனிப்பொருள் அன்று, நன்மையின் குறைவே என்றார் புனித அகுஸ்தீன். புல்ககோவின் வோலண்டோ, நிழல்களே இல்லாவிட்டால் பூமி எப்படியிருக்கும் என்று கேட்டு, தீமைக்கும் உலக ஒழுங்கில் ஓர் இடம் கோருகிறான். கருணை தன் துறையைச் சேர்ந்ததல்ல என ஓர் அலுவலரைப் போல் ஒதுங்கிக்கொள்ளும் அவன், கடவுளை மறுத்த அரசின் தலைநகரில் கையூட்டையும் பேராசையையும் அம்பலப்படுத்தும் தண்டனையாளனாகவும் விளங்குகிறான். சாத்தானைத் தவிர வேறு நீதிபதி கிடைக்காத நகரம் என்பதே அந்நாவலின் கசப்பான நகைச்சுவை.

பாடலில் இந்த நீதிபதி இல்லை. இயேசுவின் வழக்கில் பிலாத்து கைகழுவிய நாள் முதல் ரஷ்யப் புரட்சி வரை எல்லாவற்றுக்கும் சாட்சியாக நின்றதாகச் சொல்லும் சாத்தான், அமெரிக்க அதிபர் கென்னடியின் கொலையைப் பற்றிக் கேள்வி எழும்போது பழியைக் கேட்பவர் மீதும் தன் மீதும் சேர்த்தே சுமத்துகிறான். 1968 ஜூனில் பாடல் பதிவாகிக்கொண்டிருந்தபோதே அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்டதால், ஒருமையில் இருந்த அப்பெயர் பன்மையாக மாற்றப்பட்டது. நாவலில் தீமையை எடைபோட வெளியிலிருந்து ஒருவன் வருகிறான். பாடலிலோ வெளி என்று ஓரிடமே இல்லை. அந்தச் சாத்தான் கேட்கும் மரியாதை, அவனில் தன் முகத்தைக் காண மறுக்காதிருக்கும் நேர்மையே எனலாம்.

அந்த நேர்மை எளிதாக வரவில்லை. 1969 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் ஆல்டமான்ட் திடலில் இக்குழு பாடிக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். அப்போது ஒலித்தது ‘அண்டர் மை தம்ப்’ என்னும் வேறு பாடல்தான் என்றாலும், சாத்தானின் பாடல் ஒலிக்கையிலேயே அக்கொலை நடந்தது என்ற கதைதான் நெடுங்காலம் நம்பப்பட்டது; பழியைத் தம்மீது ஏற்பதைவிடச் சாத்தான்மீது சுமத்துவதே எளிதாக இருந்தது.